மதினியின் புறங்கை

மதினியிடம் எதைச் சொன்னாலும் முதலில் அவளுடைய வலது கைதான் நீளும். பதில் அப்புறம் வரும். தேத்தண்ணி ஆறிப்போச்சு என்றால் கோப்பையின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எல்லோரும் நெற்றியைத் தொடுவார்கள். அவள் சட்டையைத் தூக்கி முதுகில் புறங்கையை வைப்பாள். மழை விட்டுவிட்டது என்று வாசலில் நிற்கிற ஆளே சொன்னாலும், அந்த ஆளைத் தாண்டிக் கையை வெளியே நீட்டிப் பார்த்த பிறகுதான் "ம்" என்பாள். எங்கள் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் அங்கே மழை விடுவதே அபூர்வம். ஆனாலும் அவள் கையை நீட்டுவதை விட்டதில்லை.

என் வீட்டுக்காரரின் அக்கா அவள். நேரில் "வாங்க மதினி, போங்க மதினி"தான். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்று வந்துவிடுகிறது, திருத்த மனசு வரவில்லை. நாங்கள் குடியிருந்த வரிசைவீடுகளில், லயத்தில், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களும் குறைவு. 'தொட்டுப் பாக்குற அக்கா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

"தொட்டுப் பாத்தியா?" என்பது அவள் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது சுருக்கென்று தைக்கும். சோறு வெந்துவிட்டது என்று நான் சொல்லுவேன். அவள் எழுந்து வந்து பானையின் பக்கவாட்டில் புறங்கையை வைத்து, மூடியைத் திறந்து, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு, "வெந்துருச்சு" என்பாள். அதைத்தானே நானும் சொன்னேன்! நாத்தனார் கொடுமை என்று ஊரில் சொல்லி அனுப்பினார்களே, அது இதுதான் போலிருக்கிறது என்று மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிறகுதான் புரிந்தது, அவள் என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. யார் சொன்னாலும் அவளுக்கு அது சொல்தான். கை பட்டால்தான் அது விஷயம்.

அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு எங்கள் மாமனார் ஒரு கதை சொல்லுவார். டயகமப் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்களாம். பையன் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரன், ஆறு வருஷமாகக் கத்தி பிடிக்கிறான், அவனுக்கு இணையாகச் செடி வெட்ட அந்தத் தோட்டத்தில் ஆளில்லை என்று தரகர் அளந்துவிட்டிருக்கிறார். மதினி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தவள், கோப்பையை வாங்க நீண்ட கையை அப்படியே பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டாள். 

"இது கவ்வாத்துக் கத்தி புடிச்ச கை இல்லப்பா. ஒரு காய்ப்புக்கூட இல்ல" என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

விசாரித்தால், மாப்பிள்ளை அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி வீட்டில் சமையல் வேலை செய்தவர். வந்தவர்கள் கோபத்தில் எழுந்து போய்விட்டார்கள். நான் ஒரு நாள் இதைக் கேட்டுச் சிரித்தபோது மதினி சிரிக்கவில்லை. "சமையக்காரருன்னு நெசத்தைச் சொல்லியிருந்தா கட்டியிருப்பேன் புள்ள. சோறாவது நல்லா கெடைச்சிருக்கும்" என்றாள்.

சாமி காரியத்திலும் அவள் கை சும்மா இருக்காது. மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிக்கிற குழி தயாராகிக்கொண்டிருந்தது. பூசாரி தணலைத் தட்டிப் பரப்பிவிட்டு, "எறங்கலாம்" என்றார். மதினி குழியோரம் குனிந்து, ஒரு முழ உயரத்தில் புறங்கையை நீட்டி ஒரு தலையிலிருந்து மறு தலைவரை மெல்ல நடந்தாள். நடந்து முடித்து, "தெக்கால ஓரத்துல இன்னும் அடங்கல. செத்த நேரம் பொறுங்க" என்றாள்.

"அம்மன் மேலயே சந்தேகமா உனக்கு?" என்று பூசாரி சத்தம் போட்டார்.

"அம்மன் மேல இல்லிங்க. வெறகு மேல. அந்தப் பக்கம் போட்டது சவுக்கு."

பூசாரி முறைத்தார். ஆனால் கால்மணி நேரம் பொறுத்தார். அந்த வருஷம் ஒருவருக்கும் கால் கொப்பளிக்கவில்லை. அம்மன் அருள் என்று எல்லோரும் சொன்னார்கள். மதினியும் அதையேதான் சொன்னாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

நான் சொல்ல வந்தது நடந்த காலம், வெள்ளைக்காரர் கொடியை இறக்கி இரண்டு மூன்று வருஷமான காலம். கொடி போயிருந்தது, எங்கள் தோட்டத்துத் துரை போகவில்லை. மலைமேல் பங்களாவில் அவரும் துரைசாணியும் இருந்தார்கள். எங்களுக்கோ இந்த நாட்டில் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்திருந்தது. ஒரு தோட்டத்தில் வேலை போய்ச் சீட்டுக் கிழிந்தால் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிவது லேசில்லை. லயத்தில் ஒரே காம்பராவில், ஒற்றை அறையில், மாமனார், மதினி, கொழுந்தன், நாங்கள் இரண்டு பேர், எங்கள் இரண்டு பிள்ளைகள் என்று ஏழு பேர் இருந்தோம். குறுக்கே என் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அந்தச் சேலைதான் எங்கள் குடும்பத்தின் நடுச்சுவர். பக்கத்துக் காம்பரா, இந்தியாவுக்குப் போன குடும்பம் விட்டுப்போனது, பூட்டியே கிடந்தது. அந்தப் பூட்டைப் பார்க்காமல் நான் ஒரு நாளும் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போனதில்லை. அந்தக் காம்பராவும் கிடைத்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஒரே ஆசைதான் எனக்கு அப்போது.

நானும் மதினியும் ஸ்டோரில் வேலை செய்தோம். ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் தேயிலை ஆலை. எனக்கு மாடியில் வேலை. பறித்த கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் வாடப் பரப்ப வேண்டும். மதினிக்குக் கீழே, கொழுந்தைக் காயவைக்கும் ட்ரையர் பக்கத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. தேயிலை காயும்போது பொன்னிறமாக ஒரு பஞ்சு பறக்கும். தொட்டால் பூனைக்குட்டி மயிர் போலிருக்கும். தரை, குழாய், விட்டம், ஜன்னல் கம்பி என்று கண்ட இடத்தில் எல்லாம் போய் அப்பிக்கொள்ளும். அதைக் கூட்டித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

பஞ்சைக் கூட்டுகிறவள் பஞ்சைத்தான் பார்ப்பாள் என்று ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் நினைத்திருந்தார். இவள் ட்ரையரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் எவ்வளவு சூடு, நடுவில் எவ்வளவு, மேலே வெளியேறும் காற்று எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் புறங்கையால் தொட்டுத் தொட்டு அவளுக்கு அது ஒரு ஆள் மாதிரி பழகிவிட்டது. இதற்காக ஒரு தடவை சூடும் வாங்கியிருக்கிறாள். வலது புறங்கையில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் காசு அகலத்துக்கு மயிர் முளைக்காத ஒரு வழவழப்பு இருந்தது. "உள்ளங்கைன்னா வேலை போயிருக்கும். அதுக்குத்தான் புறங்கை" என்பாள்.

நாலு வருஷமாக அவள் டீமேக்கரிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு பொருள். ஒரு ஏணி.

"மேல சூட்டுக் குழாய் முதுகுல பஞ்சு தேங்கிக் கெடக்கு ஐயா. தொடப்பம் எட்டல. ஒரு ஏணி குடுத்தீங்கன்னா ஏறித் தட்டிருவேன்."

"பொம்பளை ஏணியில ஏறி விழுந்தா நானா பதில் சொல்றது? எட்டுறதைக் கூட்டு, போ."

எட்டுவதைக் கூட்டுவாள். அடுத்த மாதம் மறுபடி கேட்பாள். அவர் மறுபடி அதையே சொல்லுவார்.

இதற்கிடையில் நான் ஒரு பெருமை அடித்தேன். மழைக்காலத்தில் ஸ்டோர் மாடியில் வெறுங்காலோடு நிற்பது பெரிய பாடு, விரல் மரத்துவிடும். ஆனால் அங்கே ஒரே ஒரு பலகை மட்டும் எப்போதும் இதமாக இருக்கும். பெண்களுக்குள் அதில் நிற்கப் போட்டி. நான்தான் முந்திப் போய்ப் பிடித்துக்கொள்வேன். இதை ஒரு நாள் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொன்னேன்.

மதினி கையில் எடுத்த உருண்டையை வாயில் வைக்காமல் கேட்டாள். "எந்தப் பலகை?"

மறுநாள் மாடிக்கே வந்துவிட்டாள். பலகையில் புறங்கையை வைத்தாள்; பக்கத்துப் பலகையில் வைத்தாள்; மறுபடி இதில் வைத்தாள். "இதுல நிக்காத புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கொஞ்சம் சுகமாக நிற்பதுகூட இவளுக்குப் பொறுக்கவில்லையே என்று எனக்கு ஆத்திரம். அவள் தலை மறைந்ததும் திரும்பவும் அதே பலகையில் ஏறி நின்றுகொண்டேன்.

என் வீட்டுக்காரர் பங்களாவில் விறகுக்காரர். விறகு பிளப்பது, வெந்நீர் போடுவது, அடுப்புகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எங்கள் பக்கத்து மழையில் துணி எட்டு நாளானாலும் காயாது. துரைசாணிக்குக் குழந்தை பிறந்திருந்ததால், துணி காயவைக்கப் பங்களாவின் பின்பக்கம் ஒரு பெரிய அலுமாரி கட்டியிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேலே, உள்ளே முழுக்கத் தகரம். அடியில் இரும்பு அடுப்பு. விறகு போடும் வாய் வெளிப்பக்கம். புகை தனிக் குழாயில் போய்விடும். அடுப்புச் சூட்டில் காய்ந்த காற்று மட்டும் கம்புகளில் தொங்கும் துணிகளுக்கு நடுவே ஏறி, உச்சியில் இருக்கும் ஒரு சதுர ஓட்டை வழியாகச் சுவருக்கு வெளியே போகும். ஆறு மாதம் அது ஒழுங்காக வேலை செய்தது. பிறகு சூடு மிஞ்ச ஆரம்பித்தது.

முதலில் இரண்டு படுக்கை விரிப்புகள் மஞ்சளாகிப் போயின. விறகு அதிகம் என்றார்கள். என் வீட்டுக்காரர் விறகைக் குறைத்தார். மேல் கம்பில் தொங்கிய துணி ஈரம் மாறாமல் நாறியது. கீழ்க் கம்பில் தொங்கியது அப்போதும் கருகியது. பங்களா சமையல்காரரை அப்பு என்றுதான் கூப்பிடுவோம். அவர் டீமேக்கரிடம் யோசனை கேட்டார். டீமேக்கருக்கு யோசனை சொல்ல ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"ட்ரையர்ல சூடு ஏறினா என்ன செய்வோம்? கொழுந்தைத் தடிப்பா பரப்புவோம். ஈரம் சூட்டைக் குடிச்சிரும். துணியையும் அப்படியே தடிப்பா போடச் சொல்லுங்க."

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அது சரியாகத்தான் படும். எனக்கும் பட்டது. ஈரத் துணியை இரட்டை இரட்டையாகத் தொங்கவிட்டார்கள். அன்றைக்குத்தான் குழந்தையின் கம்பளிச் சால்வை கருகியது. துரைசாணியின் அம்மா சீமையில் தன் கையால் பின்னி அனுப்பியது. துரைசாணி அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாராம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. குழந்தை தூங்கும் அறைக்கும் அந்த அலுமாரிக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்தான்.

துரை அப்புவிடம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைவரை பார்ப்பார். அதற்குள் சரியாகாவிட்டால் விறகுக்காரனுக்குப் பத்துச் சீட்டு. பத்துச் சீட்டு என்றால் வேலையை விட்டு அனுப்பும் சீட்டு. அது கைக்கு வந்தால் காம்பராவையும் காலி செய்ய வேண்டும், ஏழு பேரும்.

லயத்தில் அதற்குள் பேச்சுக் கிளம்பிவிட்டது. விறகுக்காரன் குடித்துவிட்டு அடுப்பில் கட்டை கட்டையாகத் தள்ளுகிறான் என்றார்கள். அவர் எப்போதாவது குடிப்பார், பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்து உட்கார்ந்ததும் கிட்டே போய் வாயை மோந்து பார்த்தேன். லேசாகச் சாராய வாடை இருந்தது. அவ்வளவுதான், நான் ஆடிவிட்டேன். என் பிள்ளைகளை றோட்டில் நிறுத்திவிட்டாயே என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஒண்ணும் பண்ணல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

மதினி அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பிக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையும் அதட்டவில்லை. நான் ஓய்ந்ததும் கேட்டாள்.

"வாயை மோந்து பாத்தே. சரி. அலுமாரியைத் தொட்டுப் பாத்தியா?"

"நான் எங்க மதினி பங்களாவுக்குப் போயி..."

"அப்ப நாளைக்குப் போவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் பங்களாவின் பின்கதவுக்குப் போனோம். தோட்டத்துப் பெண்கள் அந்த வாசலுக்கு விறகு சுமந்து போயிருக்கிறார்கள். வேறு காரியமாக யாரும் போனதில்லை. அப்பு முதலில் முடியாது என்றார். பிறகு என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் பாத்துட்டுப் போயிருங்க. தொரை சாப்புட்டுக்கிட்டிருக்காரு" என்றார்.

மதினி அலுமாரியைத் திறக்கவில்லை. முதலில் வெளியே தொட்டாள். அடியில் புறங்கையை வைத்து உடனே எடுத்தாள். நடுவில் வைத்தாள். பிறகு ஒரு முக்காலியைப் போட்டு ஏறி உச்சியில் வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

"ஏ புள்ள, நீயும் வந்து தொடு."

தொட்டேன். அடியில் கை வைக்க முடியவில்லை. உச்சியில் சில்லென்றிருந்தது.

"தம்பி, வெறகுல பாதியை வெளிய இழு" என்றாள். அவர் இழுத்தார். காத்திருந்தோம். அப்பு அடிக்கொரு தரம் உள்ளே எட்டிப் பார்த்து நெளிந்தார். மறுபடி தொட்டாள். அடியில் சூடு கொஞ்சம் இறங்கியிருந்தது. உச்சி அதே சில்லிப்புத்தான்.

"தீ மேல குத்தமில்ல. தீயைக் குறைச்சாலும் மேல வரல, கூட்டினாலும் மேல வரல. சூடு அடியிலயே உக்காந்துகிட்டு அங்கயே கருக்குது. காத்து ஏறல." பிறகு அண்ணாந்து பார்த்தாள். "இந்த ஓட்டை வெளிய எங்க இருக்கு?"

பின்சுவரில், கூரைக்குக் கீழே இருந்தது. தோட்டக்காரரின் ஏணி பக்கத்திலேயே கிடந்தது. மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். "ஐயோ, பொம்பளை ஏறுறாளே!" என்று அப்பு கத்தினார். அந்தச் சத்தத்துக்குத்தான் துரை வெளியே வந்தார். பின்னாலேயே துரைசாணி, இடுப்பில் குழந்தையோடு.

துரையைக் கண்டால் நாங்கள் வழிவிட்டு ஒதுங்கி நிற்போம். பேச வேண்டியதைக் கணக்கப்பிள்ளைதான் பேசுவார். இவள் அவர் தலைக்கு மேலே ஏணியில் நிற்கிறாள்.

"யாரு இந்தப் பொம்பளை? அங்கே என்ன செய்யுது?" என்றார் துரை.

மதினியே மேலிருந்து சொன்னாள். "ஸ்டோர்ல கூட்டுற ஆளுங்க, தொரைங்களே. இவரோட அக்கா. காத்து வருதான்னு பாக்குறேனுங்க."

தன் முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவினாள். அதை ஓட்டைக்கு நேராகப் பிடித்தாள். நூல் ஆடாமல் அசையாமல் தொங்கியது. கீழே அடுப்பு எரிகிறது. மேலே ஒரு நூலை அசைக்கக் காற்றில்லை. அந்த நூலை எல்லோரும் பார்த்தோம், துரையும் பார்த்தார்.

"தொரைங்களே, இங்க கம்பி வலை ஒண்ணு அடிச்சிருக்குங்க."

அது துரையே அடிக்கச் சொன்னது. ஓட்டை வழியாக எலி உள்ளே வந்து துணியில் குட்டி போட்டிருந்ததாம். அப்புவுக்கு முகம் வெளுத்துவிட்டது. குற்றம் துரையின் வலையில் என்று யார் சொல்வது? மதினி யார் குற்றம் என்றே பேசவில்லை. விரலை வலையின் ஓரத்தில் விட்டு உரித்தாள். சாம்பல் நிறத்தில், ரொட்டி கனத்துக்கு, சதுரமாக ஒரு பஞ்சுத் தட்டு கையோடு வந்தது. கம்பளி, பிளனல், போர்வை எல்லாம் காயும்போது உதிர்ந்த பஞ்சு. ஆறு மாதமாகக் காற்றோடு ஏறி, வலையில் ஒட்டி, ஒட்டி, ஓட்டையையே அடைத்திருக்கிறது. துணியைத் தடிப்பாகப் போட்டபோது இருந்த கொஞ்சநஞ்ச வழியும் அடைபட்டுவிட்டது.

அதே நூலை மறுபடி பிடித்தாள். நூல் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது.

துரைசாணி ஆங்கிலத்தில் என்னவோ சொல்லிச் சிரித்தார். துரையும் தலையாட்டினார். நான் கைகூப்பப் போனேன். மதினி இறங்கி வந்து, "இன்னும் முடியலிங்க. துணி போட்டுப் பாக்கணும்" என்றாள். குழந்தையின் துணியைத் தொடவில்லை. ஸ்டோரில் தலையில் கட்டுகிற தன் வெள்ளைத் துணியை அவிழ்த்து நனைத்துப் பிழிந்தாள். கீழ்க் கம்பில், கருகுகிற இடத்திலேயே தொங்கவிட்டாள். இழுத்த விறகையெல்லாம் திரும்பப் போடச் சொன்னாள். ஒரு மணி நேரம். துரை உள்ளே போகவில்லை. நாற்காலி கொண்டுவரச் சொல்லி அங்கேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் சட்டி பானையெல்லாம் றோட்டில் கிடக்கிற மாதிரியும் கிடக்காத மாதிரியும் மாறி மாறித் தெரிந்தது.

துணியை எடுத்து விரித்தாள். சுக்காகக் காய்ந்திருந்தது. வெள்ளையில் ஒரு மஞ்சள் பொட்டுக்கூட இல்லை.

துரை எழுந்து வந்து அலுமாரியின் உச்சியைத் தொடக் கையை நீட்டினார்.

"உள்ளங்கை வேணாமுங்க தொரைங்களே. புறங்கை வைங்க."

அப்பு கண்ணை மூடிக்கொண்டார். துரை மதினியை ஒரு தரம் பார்த்தார். பிறகு கையைத் திருப்பிப் புறங்கையை வைத்தார். தோட்டத்தில் ஆயிரம் பேருக்கு 'செய், போ, வா' என்று நீட்டுகிற கை அது. எங்கள் வீட்டுப் பெண் சொல்லி அது திரும்பியதை நான் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமைப்பட்ட நேரம் வேறு இல்லை.

"வெறகுக்காரன் வேலை செய்யலாம். சீட்டு இல்லை" என்றார் துரை. என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மதினியிடம், "உனக்கு என்ன வேணும்? கேளு" என்றார்.

என் மனசு பக்கத்துக் காம்பராவின் பூட்டைத் திறந்து உள்ளே போய்ப் பாயே விரித்துவிட்டது. முழங்கையால் அவளை இடித்தேன். "காம்பரா, மதினி, காம்பரா" என்று கிசுகிசுத்தேன். அவளுக்குக் காது கேட்டது, எனக்கு நன்றாகத் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துரையிடம் சொன்னாள்.

"ஸ்டோருக்கு ஒரு ஏணி குடுங்க, தொரைங்களே."

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவளோடு பேசவில்லை. அன்றைக்கு மட்டுமா? இரண்டு வாரம் பேசவில்லை. கையில் வந்த காம்பராவை ஏணிக்கு விற்ற மகராசி என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். புருஷன் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு நான் காட்டிய நன்றி அது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவள் வழக்கம்போலப் பானையைத் தொட்டுப் பார்த்துச் சோறு போட்டுக்கொண்டு, தன்பாட்டில் இருந்தாள்.

இரண்டாம் வார முடிவில் தச்சர் ஏணியைக் கொண்டுவந்து ஸ்டோரில் சாத்தினார். அன்று சனிக்கிழமை, மத்தியானத்தோடு ட்ரையரை நிறுத்திவிட்டார்கள். ஆறட்டும், திங்கட்கிழமை ஏறலாம் என்றார் டீமேக்கர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "ஆறிப்போச்சுன்னா தொட்டு என்ன தெரியும் ஐயா?" என்று மதினி ஒரு சாக்கை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். மேலே ரொம்ப நேரம் இருந்தாள். பஞ்சு பறந்து எல்லோரும் தும்மினோம். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அந்த இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவள் என்னைக் கூப்பிட்டாள்.

ஏணியடிக்குப் போனேன். சாக்கோடு இறங்கி வந்தவள் முழங்கைவரை பொன்னிறமாக இருந்தாள். சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்தாள். மேல்பக்கம் பூனைக்குட்டி நிறம். திருப்பினாள். குழாயின் முதுகில் படிந்திருந்த பக்கம் முழுக்கக் கரி. டீமேக்கர் கிட்டே வந்து பார்த்தார். அன்றைக்கே ஆள் போட்டு அந்தக் குழாய் முழுவதையும் சுத்தம் செய்ய வைத்தார். அதற்குப் பிறகு மாதம் ஒரு தரம் மதினி ஏறுவது ஸ்டோரில் சட்டமாகிவிட்டது.

மதினி எனக்குக் குழாய்க்கு மேலே விரலைக் காட்டினாள். மாடிப் பலகைகள் அடியிலிருந்து வரிசையாகத் தெரிந்தன. எல்லாம் வெள்ளை. ஒன்று மட்டும் பழுப்பேறி, நடுவில் கையகலத்துக்குக் கறுத்திருந்தது.

எந்தப் பலகை என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தக் கரிப் பஞ்சை என் பக்கமாக நீட்டினாள். நானாகவே கையைத் திருப்பிப் புறங்கையை வைத்தேன். ட்ரையர் நின்று ஒரு மணி நேரமாகியும் அது இன்னும் சுட்டது.